அமெரிக்காவிலிருந்து வந்த 915 லோரா மாட்யூலை அணைக்கட்டு ஊர்ப் பக்கம் ஓட்டலாமா?

அணைக்கட்டு விவசாயி:
வணக்கம். எங்கள் மோட்டார் கொட்டகை வீட்டிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர். நடுவில் தென்னந்தோப்பு. மும்முனை கரண்ட் வந்துவிட்டதா, தொட்டியில் தண்ணீர் எவ்வளவு என்று வீட்டிலிருந்தே பார்க்க ஒரு லோரா ஜோடி (குறைந்த மின்சாரத்தில் சிறு செய்திகளைத் தொலைதூரம் அனுப்பும் ரேடியோ) செய்கிறேன். அமெரிக்காவிலிருந்து சித்தப்பா மகன் ஆர்எஃப்எம்95 என்ற லோரா மாட்யூல் கொண்டுவந்தான், 915 மெகாஹெர்ட்ஸ் வகை. கடையில் விசாரித்தால் 433 தருகிறார்கள். இரண்டில் எது இங்கே சட்டப்படி சரி?

காட்பாடி மாணவன்:
915-ஐ வயலில் போடாதீர்கள் அண்ணா. அமெரிக்காவில் 902 முதல் 928 மெகாஹெர்ட்ஸ் வரை உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம், அதனால் அங்கே அந்த மாட்யூல் விற்கிறது. இங்கே 890 முதல் 915 வரை செல்போன்கள் டவருக்கு அனுப்பும் அலைவரிசைப் பட்டை. போனிலிருந்து டவருக்கு வந்து சேரும் சிக்னல் ரொம்ப மெலிசு. பக்கத்தில் நம் மாட்யூல் பேசினால் அது அமுங்கிப் போகும். ஊரில் யாரோ அவசரத்துக்கு போன் போடும்போது இப்படி ஆகக் கூடாது.

எங்கே வாங்கினோம் என்பது கணக்கில்லை, எந்த மண்ணில் ஒலிபரப்புகிறோம் என்பதுதான் கணக்கு. நமக்கு 2005-லேயே 865 முதல் 867 வரை உரிமம் தேவையில்லை என்று விதி வந்தது. 2021-ல் அதை 868 வரை நீட்டினார்கள். அனுப்பும் திறன் 1 வாட் வரை இருக்கலாம். உங்கள் மாட்யூல் 0.1 வாட்தான் தரும்.

ராணிப்பேட்டை சர்வீஸ்:
433 பற்றி நான் சொல்கிறேன். 433–434 இந்தியாவில் கட்டடத்துக்குள் மட்டும், 10 மில்லிவாட், சேனல் அகலம் 10 கிலோஹெர்ட்ஸ். லோராவை வழக்கமாக 125 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் ஓட்டுகிறோம், எப்படி அடங்கும்? ஐரோப்பாவில் அந்தப் பட்டைக்கு விதி வேறு. அதைப் பார்த்துச் செய்த வீடியோவை நம்பி நம்மாட்கள் வாங்கிவிடுகிறார்கள். இன்னொன்று, 433 மாட்யூலில் இருக்கும் எஸ்எக்ஸ்1278 சிப் 525-க்கு மேல் போகவே போகாது. நிரலில் 866 என்று எழுதிப் பயனில்லை.

தம்பி கையில் இருக்கும் ஆர்எஃப்எம்95-ஐ 866-க்கு மாற்றலாம். நிரலில் ஒரே ஒரு எண்தான். ஆனால் 868 என்று மட்டும் போடாதீர்கள். 868.0-வை நடுவாக வைத்தால் அலை இரு பக்கமும் 62.5 கிலோஹெர்ட்ஸ் பரவும். மேல்பாதி நம் எல்லைக்கு வெளியே. ஐரோப்பிய லோராவானின் (லோரா கருவிகளை ஒரே வலையமைப்பாக இணைக்கும் முறை) 868.1, 868.3, 868.5 மூன்றும் இங்கே வெளியேதான். இந்திய லோராவானில் 865.0625, 865.4025, 865.985 இருக்கின்றன.

அணைக்கட்டு விவசாயி:
சரி அண்ணா, இரண்டு பக்கமும் 866 ஆக்கிவிட்டேன். அனுப்பும் மாட்யூலை வீட்டு வாசலில் வைத்தால் நன்றாக வருகிறது. தோப்புக்கு அந்தப் பக்கம் கொட்டகையில் வைத்தால் விட்டுவிட்டு வருகிறது. திறனைக் கூட்டட்டுமா?

ராணிப்பேட்டை சர்வீஸ்:
திறனைத் தொடாதீர்கள், முதலில் ஆண்டெனா. கம்பி போட்டிருந்தால் கால் அலைநீளம் 866-க்கு 8.65 சென்டிமீட்டர். 915-க்கு வெட்டியது 8.2 இருக்கும். வித்தியாசம் சின்னதுதான், இருந்தாலும் புதிதாக வெட்டிக்கொள்ளுங்கள். ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் வைத்திருக்கிறீர்களா? இரும்புப் பெட்டிக்குள் இருந்தால் எந்த அலைவரிசையும் சரியாக வெளியே வராது. ஆண்டெனாவைக் கொட்டகைக் கூரைக்கு மேல் ஏற்றுங்கள். ஈரமான தென்னை ஓலை சிக்னலைக் குடிக்கும். இரு முனையும் முடிந்த அளவு உயரத்தில் இருக்கட்டும்.

காட்பாடி மாணவன்:
அப்புறம் ஸ்பிரெடிங் ஃபேக்டரை (செய்தியை எவ்வளவு மெதுவாக நீட்டி அனுப்புவது என்ற எண்) 7-லிருந்து 10 ஆக்குங்கள் அண்ணா. ஒவ்வொரு படிக்கும் சுமார் 2.5 டெசிபல் கூடுதலாகக் கேட்கும். ஆனால் செய்தி போகும் நேரமும் ஏறக்குறைய இரட்டிப்பாகும். தண்ணீர் மட்டம் நொடிக்கு நொடி மாறப்போவதில்லை, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அனுப்பினால் போதும். பட்டை எல்லாருக்கும் பொது.

சிங்கப்பூரில் இருக்கும் குடியாத்தத்துக்காரர்:
இங்கே 920 முதல் 925 வரை. ஊருக்கு வரும்போது இங்கே ஓட்டிய அதே நிரலை அப்படியே ஏற்றிவிடாமல் எண்ணை மாற்றுகிறேன். மீதி மாட்யூல் இருந்தால் சொல்லுங்கள் தம்பி, நானும் எங்கள் நிலத்துக்கு ஒன்று செய்ய வேண்டும்.

அணைக்கட்டு விவசாயி:
பெட்டிக்குள்தான் வைத்திருந்தேன் அண்ணா. கூரைமேல் பிவிசி குழாயில் ஏற்றி, 10-ம் போட்டேன். தோப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து தொட்டி அளவு விடாமல் வருகிறது. சிங்கப்பூர் அண்ணா, ஒரு ஜோடி மீதி இருக்கிறது, தனிச்செய்தி அனுப்புங்கள்.