போனை ரீசெட் செய்யும் முன் 1,163 எண்களைக் காப்பாற்றுவது எப்படி?

சமையல் ஒப்பந்தக்காரர், திருப்பாதிரிப்புலியூர்:

வணக்கம். இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கல்யாணச் சமையல் எடுத்துச் செய்கிறேன். திருவந்திபுரம் கோயிலைச் சுற்றியுள்ள மண்டபங்களில்தான் வேலை அதிகம். என் ஆண்ட்ராய்டு போன் நிரம்பிவிட்டது. ஒரு பெயரைத் தேடினால்கூட நின்று நின்று வருகிறது. சென்னையில் இருக்கும் மகன், "ரீசெட் செய்துவிடுங்கள் அப்பா" என்கிறான். எனக்குத்தான் கை வரவில்லை.

அதில் 1,163 எண்கள் இருக்கின்றன. பெரும்பாலும் தொழிலையும் ஊரையும் சேர்த்துத்தான் பதிந்திருக்கிறேன்: இலை ராமாபுரம், பால் நெல்லிக்குப்பம், பாத்திரம் மஞ்சக்குப்பம், பரிமாற நாலு பேர் கோண்டூர். பலருடைய சொந்தப் பெயர் எனக்கே தெரியாது. எண் போனால் ஆளே போனது போலத்தான்.

ஒரு முறை பட்டிருக்கிறேன். 2011 டிசம்பர் 30, தானே புயல். கூரை பிய்ந்து, பட்டன் போனும் எண்கள் எழுதிய நோட்டும் ஒரே தண்ணீரில் ஊறிப்போயின. தை மாதத்துக்கு மூன்று கல்யாணங்களுக்கு முன்பணம் வாங்கியிருந்தேன். மின்சாரம் இல்லாத நாட்களில், விழுந்து கிடந்த மரங்களைத் தாண்டிச் சைக்கிளில் ஊர் ஊராகப் போய் ஒவ்வொருவராகத் தேடிப் பிடித்தேன். மூன்று கல்யாணமும் நடந்தன. இன்னொரு முறை அப்படி அலைய உடம்பில் தெம்பு இல்லை.

எனக்குக் கரண்டி பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் காலமாகிவிட்டார். அவர் எண் இன்னும் "மாஸ்டர்" என்றே இருக்கிறது. அழைத்தால் எடுக்க ஆள் இல்லை. ஆனாலும் அது போகக் கூடாது.

எல்லாவற்றையும் சிம்முக்கு மாற்றிவிட்டால் போதுமா?

போன் பழுது பார்ப்பவர், நெல்லித்தோப்பு, புதுச்சேரி:

ஐயா, சிம்மை நம்பாதீர்கள். பெரும்பாலான சிம்களில் 250 பெயர்கள் அளவில்தான் இடம் உண்டு. நீளமான பெயரை வெட்டிவிடும், தமிழில் எழுதியிருந்தால் இன்னும் சீக்கிரம் வெட்டும். "பரிமாற நாலு பேர் கோண்டூர்" என்பது பாதியில் நின்றால் அது எந்த ஊர் என்று எப்படித் தெரியும்?

எண்கள் ஒரே இடத்தில் இருப்பதாகத்தான் பார்க்கும்போது தோன்றும். உண்மையில் சில சிம்மிலும், சில போனின் நினைவகத்திலும், சில கூகுள் கணக்கிலும் இருக்கும். ரீசெட் செய்தால் போனில் உள்ளவை அடியோடு அழியும். ஒரு பெயரைத் திருத்தத் திறந்தால், அது எங்கே சேமிக்கப்பட்டிருக்கிறது என்பது தெரியும். அமைப்புகளில் கூகுள் பகுதிக்குப் போய், போனிலும் சிம்மிலும் உள்ள தொடர்புகளையும் கணக்கில் சேர்க்கும் வசதியை இயக்குங்கள். பிறகு ஒரு கணினியில் அதே கணக்கைத் திறந்து, கூகுள் தொடர்புகள் பக்கத்தில் மொத்த எண்ணிக்கையைப் பாருங்கள். போன் காட்டும் கணக்கை நம்ப வேண்டாம். இன்னொரு கருவியில் கண்ணால் பார்த்த பிறகே ரீசெட்.

கூடவே, தொடர்புகள் அனைத்தையும் விசிஎஃப் (பெயர்களும் எண்களும் மொத்தமாக அடங்கும்) கோப்பாக ஏற்றுமதி செய்து மகனுக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். அந்தக் கோப்பைப் போனிலேயே வைத்துவிட்டு ரீசெட் செய்தவர்கள் என் கடைக்கு நிறைய பேர் வந்திருக்கிறார்கள். கோப்பும் சேர்ந்துதான் அழியும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் கடவுச்சொல். போன் வாங்கிய அன்று கடைக்காரரே கணக்குத் தொடங்கிக் கொடுத்திருப்பார், கடவுச்சொல்லை நீங்கள் பார்த்திருக்கவே மாட்டீர்கள். ரீசெட்டுக்குப் பிறகு அதே கணக்கில் நுழைந்தால்தான் எண்கள் திரும்பும். சில வேளைகளில் போனைத் திறக்கவே அந்தக் கணக்கைக் கேட்கும், திருடர்களுக்காக வைத்த பூட்டு அது. தெரியாவிட்டால், கணக்கு போனில் திறந்திருக்கும் இப்போதே கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளுங்கள். கடவுச்சொல் மறந்தால் கணக்கை மீட்க உதவும் மீட்பு எண்ணாக எந்த எண் கொடுக்கப்பட்டிருக்கிறது என்றும் பாருங்கள்.

வாட்ஸ்அப் உரையாடல்களுக்குத் தனியாகக் காப்பு எடுக்க வேண்டும். பதிவு செய்யாமல் அழைப்புப் பட்டியலில் மட்டும் கிடக்கும் எண்களையும் இப்போதே பதிந்துகொள்ளுங்கள்.

கல்லூரி மாணவி, லாஸ்பேட்டை:

ரீசெட் தேவைதானா என்று முதலில் பாருங்கள் ஐயா. என் அப்பாவின் போனும் இப்படித்தான் தடுமாறியது. வாட்ஸ்அப் குழுக்களில் வந்த காணொளிகளை அழித்ததும் சரியாகிவிட்டது. எதை அழித்தாலும் தொடர்புகளில் கை வைக்காதீர்கள். கணக்கோடு இணைந்த எண்ணைப் போனில் அழித்தால் எல்லா இடத்திலும் அழியும். தவறிப்போனால் குப்பைத்தொட்டியில் 30 நாட்கள் இருக்கும், அதற்குள் மீட்கலாம்.

மீன் வியாபாரம் செய்பவர், தேவனாம்பட்டினம்:

அண்ணா, முக்கியமான இருபது எண்களைத் தாளில் எழுதிப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, அரிசிப் பானைக்கு மேலே உள்ள பலகையில் வையுங்கள். எங்கள் வீட்டில் ஒவ்வொரு ஐப்பசிக்கும் மழைக்கு முன் புதிதாக எழுதி வைக்கிறோம்.

சமையல் ஒப்பந்தக்காரர், திருப்பாதிரிப்புலியூர்:

எல்லோருக்கும் நன்றி. அந்தத் தம்பி சொன்னபடி பார்த்தபோது உடம்பு நடுங்கிவிட்டது. கணக்கில் இருந்தவை 371, சிம்மில் 204. மீதி 588 எண்களும் போனில் மட்டும் இருந்தன. மாஸ்டர் எண் அந்த 588இல்தான் இருந்தது.

கடவுச்சொல்லும் அவர் சொன்னது போலவே. வாங்கிய கடையில் வைத்தது, எனக்குத் தெரியவே தெரியாது. மகன் வந்து மாற்றிக் கொடுத்தான். அந்த மாணவி சொன்ன காணொளிகளையும் அழித்துப் பார்த்தோம், கொஞ்சம் வேகம் வந்தது, போதவில்லை. அழைப்புப் பட்டியலிலிருந்து 41 எண்களைப் பதிந்தேன். மகனின் கணினியில் 1,204 என்று வந்ததை இரண்டு முறை பார்த்தேன். கோப்பு அவனிடம், தாள் பலகையில்.

வெள்ளிக்கிழமை விளக்கேற்றிய பிறகு ரீசெட் செய்தோம். கணக்கில் நுழைந்ததும் பெயர்ப் பட்டியல் வெறுமையாக இருந்தது. நான் திண்ணையில் போய் உட்கார்ந்துவிட்டேன். கால் மணி நேரம் கழித்து மகன் கூப்பிட்டுக் காட்டினான். 1,204.

முதலில் "மாஸ்டர்" இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. அடுத்து ராமாபுரத்தை அழைத்தேன். எடுத்ததும், "சொல்லுங்கள் மாஸ்டர், எத்தனை கட்டு வேண்டும்?" என்றார்.