போவிட்டியா துண்டுகள் அழுகுகின்றன: வேலிக்கு மலைநாட்டுச் செடி வைப்பதும் மாற்றிக்கொள்வதும்

வேலியோரம், பண்டாரவளை:

வணக்கம். 7 பேர்ச் காணி, ஏறக்குறைய 1,200 மீற்றர் உயரம். வேலிப் பக்கத்துச் சரிவு 30 அடி நீளம், 8 அடி அகலம். இப்போது அதில் காட்டுச் சூரியகாந்தியும் நாயுண்ணியும் மண்டிக் கிடக்கின்றன. அவற்றை எடுத்துவிட்டு இந்த மலைக்கே உரிய செடிகளால் வேலி கட்ட விருப்பம். முதலில் போவிட்டியா, தேயிலை ஓரத்தில் ஊதாவாகப் பூக்கிற செடி. ஒரு அடி நீளத் துண்டுகள் 40 வெட்டி, மேல்மண் பாதி, மாட்டெரு பாதி, ஒரு கை அடுப்புச் சாம்பலும் கலந்து பைகளில் வைத்தாயிற்று. சில துண்டுகளில் மொட்டும் இருந்தது. காலை, மத்தியானம், மாலை என்று மூன்று தரம் தண்ணீர். மூன்று வாரத்தில் 34 துண்டுகள் அடியில் கறுத்து அழுகிவிட்டன. மிச்சம் 6 துண்டுகளில் இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கிறது.

என்ன பிழை? வேலிக்கு எத்தனை செடி வேண்டும்? உயர்ந்த மலையில் சிவப்பாகப் பூக்கிற மகா ரத்மல் மரம் இங்கே வருமா? தலவாக்கலையில் ஒருவர் காட்டுக் காசித்தும்பைச் செடிகள் தருவதாகச் சொல்கிறார். அவற்றை மண்ணோடு பையில் வைத்து பஸ்ஸில் கொண்டுவரலாமா?

நாற்றுமேடை, தலவாக்கலை:

பிழை முழுக்க பைக்குள் இருக்கிறது. தேயிலையில் வீ.பி. (விதையில்லாமல் துண்டிலிருந்து வளர்ப்பது) துண்டு வைக்கிற பையை நினைத்துப் பாருங்கள். அதில் யாரும் எரு போடுவதில்லை. இதற்கும் எரு கலவாத அடிமண்தான் வேண்டும். வேர் இல்லாத துண்டுக்கு எருவால் ஒரு பிரயோசனமும் கிடையாது. எரு ஈரத்தைப் பிடித்து வைத்துக் காற்றை அடைக்கிறது, வெட்டிய இடத்தில் பூஞ்சணம் ஏறுகிறது. அதன்மேல் மூன்று தரம் தண்ணீர் என்றால் அழுகாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

மஞ்சள் இலைக்குக் காரணம் சாம்பல். போவிட்டியா புளித்த மண்ணின் செடி. நம்முடைய தேயிலை மண் 4.5 முதல் 5.5 பி.எச். அளவில் இருக்கும், அதுதான் அதற்கு வேண்டும். சாம்பலோ டொலமைட்டோ போட்டால் புளிப்பு குறையும், மண்ணில் இரும்பு இருந்தும் செடியால் எடுக்க முடியாது. நரம்பு பச்சை, இடையில் மஞ்சள் என்றால் அதுதான் அடையாளம்.

இப்படிச் செய்து பாருங்கள். மேலே உள்ள ஒரு அடி மண்ணை ஒதுக்கிவிட்டு அதன் கீழுள்ள சிவப்பு மண்ணை எடுங்கள். அரை அங்குலச் சல்லடையில் சலித்து, மூன்று பங்குக்கு ஒரு பங்கு பருமணல் சேருங்கள். மண் பிசுபிசுப்பாக இருந்தால் இரண்டுக்கு ஒன்று. 4 அங்குல அகலம், 8 அங்குல உயரமான கறுப்புப் பொலித்தீன் பை போதும், கீழ்ப்பாதியில் பத்துத் துளை இருக்கட்டும். மண்ணை இறுக்கி நிரப்பி முதல்நாளே நனைத்து வையுங்கள்.

துண்டு ஒரு அடி வேண்டாம், 3 முதல் 4 அங்குலம் போதும். பச்சை நுனியும் வேண்டாம், முற்றிய கட்டையும் வேண்டாம். பழுப்பு ஏறத் தொடங்கி, வளைத்தால் இன்னும் வளைகிற தண்டில் மூன்று கணு வருகிற மாதிரி வெட்டுங்கள். மொட்டு வைத்த கிளையைத் தொடவேண்டாம், அது இருக்கிற பலத்தைப் பூவுக்குத்தான் கொடுக்கும். கீழ்க்கணுவுக்கு ஒட்டினாற்போல் கீழே சரிவாக வெட்டு. மேல் சோடி இலையைப் பாதியாக நறுக்கி வைத்துக்கொண்டு மற்ற இலைகளைக் கிள்ளிவிடுங்கள். வெயில் ஏறுமுன் வெட்டி, ஈரச் சீலையில் சுற்றி, அன்றே வைக்க வேண்டும். குச்சியால் துளை போட்டுத்தான் செருக வேண்டும். நேரே அமுக்கினால் தோல் உரிந்து அங்கேயே அழுகல் தொடங்கும்.

வைத்ததும் ஒரு தரம் நன்றாகத் தண்ணீர் விட்டு, மூங்கில் வளைத்து, தெளிந்த பொலித்தீனால் மூடி ஓரத்தை மண்ணால் அடையுங்கள். மேலே கெக்கில்ல பன்னத்தால் நிழல். உள்ளே பொலித்தீனில் துளி நிற்கும் வரைக்கும் தண்ணீர் தேவையில்லை. வாரம் ஒரு தரம் திறந்து உதிர்ந்த இலைகளைப் பொறுக்கி எடுத்தால் போதும். 6 முதல் 8 வாரத்தில் வேர் பிடிக்கும். பிடித்துவிட்டது என்று ஒரேயடியாகத் திறக்க வேண்டாம். முதல்நாள் ஒரு மணித்தியாலம், பிறகு கூட்டிக் கூட்டி இரண்டு வாரத்தில் முழுசாகத் திறங்கள்.

அந்த 6 துண்டுகளையும் பையிலிருந்து எடுத்துக் கழுவி புது மண்ணில் வையுங்கள், கைவிட வேண்டாம். வேலிக்கு இரண்டரை அடி இடைவெளியில் இரண்டு வரிசை, மாறி மாறி வைத்தால் 24 செடி. துண்டு 50 வைத்தால் கணக்கு சரியாக வரும்.

இலைக்காம்பு, ஹாலி-எல:

துண்டு வெட்டுமுன் அது உண்மையில் போவிட்டியாதானா என்று பாருங்கள். தேயிலை ஓரத்தில் ஒரே சாயலில் மூன்று நிற்கும். ஒஸ்பெக்கியா ஒக்டாண்ட்ரா இலங்கைக்கு மட்டுமே உரிய ஹீன் போவிட்டியா. இளஞ்சிவப்பு கலந்த ஊதாப் பூ, 4 இதழ், 8 கேசரம். காய் சிறு குடம் போல, காய்ந்தால் உள்ளே தூள் விதை. மெலஸ்டோமா என்கிற மகா போவிட்டியாவும் நம்முடையதுதான். அதற்கு 5 இதழ், பழம் வெடித்தால் கருஊதாச் சதை. மூன்றாவது கிளிடீமியா, சிங்களத்தில் கட்டகலு போவிட்டியா. அது அமெரிக்க வெப்ப நாடுகளிலிருந்து வந்து காட்டுக்குள் புகுந்து நாசம் செய்கிற செடி. இலையிலும் தண்டிலும் சொரசொரவென்று நீட்டு முடி, பூ சிறிது, வெள்ளை, பழம் கருநீலம். குருவி தின்று எங்கும் விதைக்கும். பூ இல்லாத காலத்தில் துண்டு கொடுக்கவும் வேண்டாம், வாங்கவும் வேண்டாம். இந்தக் குழப்பத்தில்தான் அது தோட்டத்துக்குத் தோட்டம் போகிறது.

போவிட்டியாப் பூவில் தேன் இல்லை, மகரந்தம் மட்டும். அதுவும் கேசர நுனியில் உள்ள சிறு துளை வழியாகத்தான் வரும். கருவண்டும் நீலக்கோட்டுத் தேனீயும் பூவைப் பிடித்துக்கொண்டு உடம்பை அதிரவைத்து அதை உதிர்க்கும். கொசுத்தேனீக்கு அது முடியாது. வேலியில் காலையில் ஒரு ரீங்காரம் கேட்டால் அது இந்த வேலைதான்.

சரிவைப் பற்றி: முழுவதையும் ஒரே நாளில் வெட்டி வெறுமையாக்க வேண்டாம். உங்களுக்கு பெரிய மழை ஒக்டோபரில் தொடங்கும், வெறும் மண் கானோடு போய்விடும். சரிவுக்குக் குறுக்காக 3 அடிப் பட்டையாக எடுங்கள். ஒரு பட்டையைச் சுத்தம் செய்து, நட்டு, மூடாக்கு போட்டபின் அடுத்த பட்டை. நாயுண்ணியை மேலே வெட்டினால் திரும்பத் துளிர்க்கும், மண்ணுக்குள் 4 அங்குலம் வரை கட்டையைக் கிளப்ப வேண்டும். காட்டுச் சூரியகாந்தி விதை வைக்குமுன் வெட்டினால் அருமையான பசுந்தாள். ஆனால் பச்சைத் தண்டை ஈர மண்ணில் போட்டால் கணுவில் வேர்விட்டு எழும்பும். கல்லின் மேலோ சிமெந்திலோ ஐந்தாறு நாள் வாடவிட்டு, பிறகு மூடாக்காகப் போடுங்கள். நாயுண்ணிப் பூவுக்கு வண்ணத்துப்பூச்சி வருகிறது என்பதும் உண்மை. அதனால் கடைசிப் பட்டையை புதுச் செடிகள் பூத்தபின் எடுத்தால் நல்லது.

நடுகிற காலம் உங்களுக்கு ஒக்டோபர் நடுப்பகுதி முதல் டிசெம்பர் வரை. ஜூனிலிருந்து செப்டெம்பர் வரை ஊவாப் பக்கம் வறண்ட காற்று, அந்த நேரம் நட்டால் வாளி வாளியாகத் தண்ணீர் சுமக்க வேண்டும். தலவாக்கலை, அட்டன் பக்கத்தாருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே மே முதல் தென்மேல் பருவமழை, ஏப்ரலில் நட்டுவிடலாம்.

குளிர்மலை, நுவரெலியா:

மண்ணோடு கொண்டுவரலாமா என்ற கேள்விக்கு: வேண்டாம். இதில் விட்டுக்கொடுக்கக் கூடாது. நம் பகுதித் தேயிலை வேரில் பிரட்டிலெங்கஸ் லூசி என்ற வட்டப்புழு இருக்கிறது. நுவரெலியா உருளைக்கிழங்கு மண்ணில் கிழங்கைத் தாக்குகிற வேறொரு வட்டப்புழு, அதன் முட்டைக் கூடு செடியே இல்லாமல் பல வருடம் மண்ணில் கிடக்கும். பாக்டீரியா வாடல் நோயும் மண்ணோடு போகும். இவை எதையும் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. ஒரு பைச் செடிக்காக பக்கத்து வீட்டுக் கிழங்குப் பாத்தியை ஏன் பணயம் வைக்க வேண்டும்?

வேரைக் கழுவினால் போதும் என்பார்கள். தேயிலை வட்டப்புழு வேருக்குள்ளேயே குடியிருக்கிறது, கழுவினால் வெளிமண்தான் போகும். அதனால் துண்டு, விதை இரண்டையும் மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். வேர்விட்ட செடிதான் வேண்டுமென்றால், கொடுப்பவர் அதைத் துண்டிலிருந்து சுத்தமான தும்புச்சோற்றில் வளர்த்ததாக இருக்க வேண்டும், பை நிலத்தில் படாமல் தட்டில் நின்றிருக்க வேண்டும்.

காசித்தும்பைக்கு மண்ணே தேவையில்லை. 4 அங்குலத் துண்டை கீழ் இலை கிள்ளி ஒரு கிளாஸ் தண்ணீரில் நிழலில் வைத்தால் 7 முதல் 10 நாளில் வேர் தெரியும். தண்ணீரை இரண்டு நாளைக்கு ஒரு தரம் மாற்றுங்கள். வேர் ஒரு அங்குலம் வந்ததும் பைக்கு மாற்ற வேண்டும், நீளவிட்டால் தண்ணீர் வேர் மண்ணில் முறியும். விதை வேண்டுமென்றால் முற்றிய காய்க்கு மெல்லிய துணிப்பை கட்டுங்கள், தொட்டாலே வெடித்துச் சிதறும். ஒரு எச்சரிக்கை: வீட்டு முற்றத்தில் பல நிறத்தில் தட்டையாகப் பூக்கிற காசித்தும்பை ஆபிரிக்காவிலிருந்து வந்தது. ஓடைக்கரையில் அதுவும் காடேறி நிற்கிறது. தருகிறவரிடம் பூவின் படம் கேட்டுப் பாருங்கள்.

மகா ரத்மலுக்கு பண்டாரவளை முடியாத இடம் இல்லை, சிரமமான இடம். வேர் மேலோட்டமாக ஓடும், உங்கள் ஜூன் காற்றில் முதலில் காய்வது அதுதான். பின்னேர நிழலும் 3 அங்குல இலைமூடாக்கும் இருந்தால் முயன்று பார்க்கலாம். அடியில் கொத்தக் கூடாது, சாம்பல் கிட்டே வரக்கூடாது. துண்டில் வருவது கடினம், விதைதான் வழி. காய் பழுப்பாகி வெடிக்குமுன் பறித்து, கடதாசி உறையில் போட்டு, வீட்டுக்குள் ஒரு வாரம் காயவைத்தால் தூசி மாதிரி விதை கொட்டும். தும்புச்சோறு பாதி, சலித்த இலைமட்கு பாதி, நனைத்து மூடியுள்ள பிளாஸ்டிக் சாப்பாட்டுப் பெட்டியில் பரப்பி, விதையை மேலே தூவுங்கள். மண் போட்டு மூடினால் முளைக்காது, வெளிச்சம் வேண்டும். நேர் வெயில் கூடாது. தண்ணீரை அடியிலிருந்து ஊறவிடுங்கள், மேலே ஊற்றினால் விதை ஒரு மூலைக்கு ஓடிவிடும். ஒரு மாதமளவில் பச்சைப் புள்ளிகள் தெரியும். நான்கு இலையில் யோகட் கப்புக்கு மாற்றலாம். பூ பார்க்கப் பல வருடம் ஆகும்.

விதையை ஹோட்டன் சமவெளியில் பொறுக்க வேண்டாம். அது 1988 முதல் தேசிய பூங்கா, அங்கிருந்து ஒரு இலைகூட எடுக்கக் கூடாது. நெலுவும் அப்படித்தான். 12 வருடத்துக்கொரு முறை பூத்து மடிகிற செடியை காட்டில் முறித்தால் அந்தத் தலைமுறை விதையே குறைந்துபோகும். வீட்டில் வைத்திருப்பவரிடம் மட்டும் கேளுங்கள்.

நாற்றுமேடை, தலவாக்கலை:

குளிர்மலை அக்கா சொல்வது சரி, ஒன்றைச் சேர்க்கிறேன். இலைமட்கு எடுக்கிற இடமும் மண் எடுக்கிற இடம்தான். தேயிலை அடியிலிருந்து அள்ளினால் அதே வட்டப்புழு வரும். பெரிய மரத்தடியில் மேலே கிடக்கிற இலையை மட்டும் வாரி வீட்டில் மட்கவையுங்கள். சந்தேகம் இருந்தால் நனைத்த மட்கை தகரத்தில் சூடாக்கி, 65 பாகையில் அரை மணித்தியாலம் வைத்தால் போதும். அதற்கு மேலே வறுத்தால் மட்கு கெட்டுவிடும்.

வேலியோரம், பண்டாரவளை:

எல்லோருக்கும் நன்றி. சாம்பலை நிறுத்தியாயிற்று, அடிமண் எடுத்துச் சலிக்கத் தொடங்கியாயிற்று. தலவாக்கலையிலிருந்து துண்டு வருவதற்கு பஸ்ஸில் நாலைந்து மணித்தியாலம் ஆகும். வாடாமல் எப்படிக் கட்டுவது? வந்ததும் நேரே வைக்கலாமா?

இலைக்காம்பு, ஹாலி-எல:

பத்திரிகைத் தாளை நனைத்து, சொட்டாத அளவுக்குப் பிழிந்து, வெட்டுமுனை எல்லாம் ஒரே பக்கம் வருகிற மாதிரிச் சுருட்டுங்கள். சொப்பிங் பையில் போட்டு, காற்று ஊதி, வாயைக் கட்டினால் இலை நசுங்காது. தண்ணீர்ப் போத்தலில் நிறுத்தி அனுப்ப வேண்டாம், வளைவுகளில் கவிழும். இஞ்சின் பக்கம் வைக்காமல் மடியில் வைக்கச் சொல்லுங்கள்.

வந்ததும் ஒரு லீற்றர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி பாத்திரம் கழுவும் திரவம் கலந்து ஐந்து நிமிடம் மூழ்கவைத்து, நல்ல தண்ணீரில் அலசுங்கள், வெண்மூட்டுப்பூச்சிக்கு அது போதும். மூன்று வாரம் மற்றப் பைகளிலிருந்து தள்ளி வைத்து, இலையின் அடிப்பக்கம் பாருங்கள். கத்தரிக்கோலை ஒவ்வொரு தாய்ச்செடிக்கும் இடையில் ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும்.

பெயர்ச்சீட்டுக்கு யோகட் கப்பைப் பட்டையாக வெட்டி பென்சிலால் எழுதுங்கள். பேனா மை வெயிலில் போய்விடும். செடியின் பெயர், எந்த ஊர், எத்தனை மீற்றர் உயரம், வெட்டிய திகதி, பூ நிறம். உங்களிடம் இருந்து வாங்குகிறவருக்கும் அதே சீட்டின் பிரதியைக் கொடுங்கள். ஹாலி-எலவுக்கு 5 துண்டு ஒதுக்கி வையுங்கள், போவிட்டியா பூத்த பிறகு.