எஸ்பிஎம் போடலாமா, இன்னொரு விஎம்சி வாங்கலாமா? (ஓசூர்)

ஓசூர்_ஜாப்ஒர்க்:
சிப்காட் பக்கம் சின்ன யூனிட், இரண்டு விஎம்சி (புரோகிராம் மாற்றினால் வேறு வேறு பீஸ் செய்கிற கம்ப்யூட்டர் மில்லிங் மெஷின்) ஓடுகிறது. டூவீலருக்குப் போகிற ஒரு அலுமினிய பிராக்கெட் பேச்சில் இருக்கிறது. ஆறு ஓட்டை, மாதம் 40,000 பீஸ் என்கிறார்கள். விஎம்சியில் பீஸுக்கு 90 விநாடி ஆகிறது, இரண்டு மெஷினையும் இதற்கே ஒதுக்கினால் மற்ற ஜாப் எல்லாம் நின்றுவிடும். எஸ்பிஎம் (ஒரு பீஸுக்கென்றே தனியாகச் செய்கிற மெஷின்) செய்கிறவர், ஆறு டிரில்லை ஒன்றாகச் சுற்றுகிற ஆறு ஸ்பிண்டில் ஹெட் போட்டு, ஆறு ஓட்டையும் ஒரே இறக்கத்தில், 20 விநாடியில் முடித்துத் தருகிறேன் என்கிறார். அப்பாவுக்கு அதில்தான் இஷ்டம். எனக்கு இன்னொரு விஎம்சி எடுக்கலாம் என்று தோன்றுகிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பழைய_ஃபிட்டர்:
தம்பி, மணிக்கு 180 பீஸ் என்றால் 40,000-க்கு 220 மணி நேரம்தான், ஒரு ஷிஃப்டும் கொஞ்சம் ஓவர்டைமும் போதும். கணக்கு அப்பா பக்கம்தான். ஆனால் அந்த 40,000 வாய்ப்பேச்சா, கையில் வந்த ஷெட்யூலா? அப்புறம் டிராயிங்கில் ரிவிஷன் நம்பரைப் பாருங்கள். புது மாடல் என்றால் திருத்திக்கொண்டே இருப்பார்கள். ஓட்டை 2 மிமீ நகர்ந்தால் விஎம்சியில் புரோகிராமில் ஓரிரு வரி மாற்றினால் சரி, டிரில் இடம் நகராத ஃபிக்ஸட் ஹெட்டில் ஹெட்டையே மாற்ற வேண்டும். ஆர்டர் போய்விட்டால் விஎம்சியை யாராவது வாங்குவார்கள், எஸ்பிஎம்மைக் காயலான் கடையில் எடைக்குத்தான் போட வேண்டும்.

மாங்கூழ்_கிருஷ்ணகிரி:
நான் மாங்கூழ் ஃபேக்டரி மெயின்டனன்ஸ். எங்களுக்கு சீசன் சில மாதம்தான். கொட்டை நீக்குகிற மெஷின் மாம்பழத்துக்கு மட்டும், மற்ற நாளில் சும்மா கிடக்கும். பழத்தைக் கூழாக்குகிற பல்ப்பர் அப்படியில்லை, சல்லடையை மாற்றினால் கொய்யா, தக்காளி எல்லாம் ஓடும். அதன்பின் வருகிற, கிருமி நீக்குகிற ஸ்டெரிலைசர், கிருமி படாமல் நிரப்புகிற அசெப்டிக் ஃபில்லருக்குப் பழம் மாறினாலும் செட்டிங் மட்டும்தான் மாற வேண்டும். லைன் முழுக்க ஒரே ரகமாக இருக்க வேண்டியதில்லை, எது அந்தப் பீஸோடு சாகும், எது மிஞ்சும் என்று பிரித்துப் பாருங்கள்.

டூல்ரூம்_ஓசூர்:
மேலே சொன்னது சரி. எஸ்பிஎம்காரரிடம் பேஸ், கன்ட்ரோல், ஸ்லைடு எல்லாம் பொதுவாக இருக்கட்டும், ஹெட்டும் ஃபிக்ஸ்சரும் (பீஸைப் பிடித்துவைக்கிற அமைப்பு) மட்டும் கழற்றி மாட்டுகிற மாதிரி வேண்டும் என்று கேளுங்கள். யுனிவர்சல் ஜாயின்ட் (சாய்ந்தபடியே சுற்றுகிற இணைப்பு) வைத்த ஹெட் என்றால் ஓட்டை இடத்தை ஓரளவு நகர்த்தலாம், ஆனால் ஓட்டைகள் நெருக்கமாக இருந்தால் உட்காராது. 1927-ல் மாடல் டி-யை நிறுத்தி மாடல் ஏ-வுக்கு மாற ஃபோர்டே பல மாதம் உற்பத்தியை நிறுத்திவைத்தது, மெஷின்கள் அந்த ஒரு வண்டிக்கென்றே செய்தவை. அவர்களால் தாங்க முடிந்தது. நாம் மாத இஎம்ஐ கட்டுகிறவர்கள். இன்னொன்று, இப்போதைக்கு விஎம்சியிலேயே நாலு பீஸ் ஒன்றாகப் பிடிக்கிற ஃபிக்ஸ்சர் போட்டுப் பாருங்கள், டூல் மாற்றுகிற நேரம் நாலாகப் பிரிந்துவிடும், 90 விநாடி கணிசமாக இறங்கும்.

ஓசூர்_ஜாப்ஒர்க்:
நன்றி அண்ணா. ஷெட்யூல் இன்னும் கைக்கு வரவில்லை, மெயில்கூட இல்லை. நாலு பீஸ் ஃபிக்ஸ்சரை முதலில் செய்துவிடுகிறேன். பீஸைப் பிடிக்க ஆயில் பிரஷரில் இயங்குகிற ஹைட்ராலிக் கிளாம்ப் போட வேண்டுமா, கையால் அழுத்திப் பூட்டுகிற டாகிளே தாங்குமா?