டெனமென்ட் – தமிழில் என்ன சொல்லலாம்?

குழுவினருக்கு வணக்கம்.

19ஆம் நூற்றாண்டு அமெரிக்க நகரங்களைப் பற்றித் தமிழில் எழுதப் புகுந்தால், ஏழைகள் நெருக்கியடித்து வாழ்ந்த வாடகைக் கட்டடத்தைக் குறிக்கும் டெனமென்ட் (tenement) என்ற சொல் இல்லாமல் ஒரு பக்கம்கூட நகராது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

> சேரி வீடு என்று போட்டால் எல்லோருக்கும் புரியுமே.

புரியும், தவறாகப் புரியும். நம் சேரிக்குப் பின்னால் சாதியின் வரலாறு இருக்கிறது. டெனமென்ட் என்பது வாடகை பார்ப்பதற்கென்றே எழுப்பிய செங்கல் கட்டடம். ஐந்து, ஆறு மாடி. உள்ளே ஏழைகள் இருந்தார்கள் என்பதற்காகக் கட்டடத்தின் வகைப்பெயரை மாற்றிவிட முடியாது.

சட்டம் என்ன சொன்னது என்று பார்ப்போம். நியூயார்க், புருக்ளின் நகரங்களுக்காக 1867ல் வந்த சட்டம் இதை வரையறுத்தது. மூன்று குடும்பங்களுக்கு மேல், ஒன்றையொன்று சாராமல், அங்கேயே தனித்தனியாகச் சமைத்து வாழும் வாடகைக் கட்டடம். நடை, மாடிப்படி, முற்றம், கழிப்பிடம் எல்லாம் பொது. ஆக, சட்டம் எண்ணியது அடுப்புகளை. ‘அந்த வீட்டில் நாலு குடித்தனம்’ என்று சொல்லும்போது நாமும் அடுப்புகளைத்தானே எண்ணுகிறோம்? எந்தச் சொல்லை ஆக்கினாலும் அதற்குள் ‘குடித்தனம்’ இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

> அப்படியானால் ஒண்டுக்குடித்தனம் இருக்கிறதே, ஐயா. புதிதாக எதற்கு?

பாதி சரி. திருவல்லிக்கேணி ஒண்டுக்குடித்தனத்திலும் அடுப்பு தனி, கழிப்பறை பொது. ஆனால் அது ஒரு குடும்பத்துக்காகக் கட்டிய வீட்டில் பலர் ஒண்டிக்கொள்வது. நியூயார்க்கின் மன்ஹாட்டன் பகுதியிலும் தொடக்கத்தில் அப்படித்தான்: வசதியுள்ளவர்கள் வடக்கே நகர, விட்டுப்போன வீடுகளை அறை அறையாகத் தடுத்து ஐரிஷ், ஜெர்மன் குடியேறிகளுக்கு விட்டார்கள். அந்தக் கட்டத்துக்கு ஒண்டுக்குடித்தனம் கச்சிதமான சொல், அதற்கே வைத்துக்கொள்வோம். பிறகு நடந்தது வேறு. இன்று அருங்காட்சியகமாக இருக்கும் ஆர்ச்சர்டு தெரு 97ஆம் எண் கட்டடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு ஜெர்மன் தையற்காரர் 1863ல் பல குடும்பங்களுக்கு வாடகைக்கு விடவே கட்டியது. ஒரு குடித்தனத்துக்கு மூன்று சிறு அறைகள். கட்டியபோது உள்ளே தண்ணீர்க் குழாய் இல்லை, கழிப்பிடம் கொல்லையில். இதில் யாரும் யார் வீட்டிலும் ஒண்டவில்லை.

என் பரிந்துரை: அடுக்குக் குடித்தனம். கட்டடத்தைத் தனியே சுட்ட வேண்டிய இடத்தில் ‘அடுக்குக் குடித்தனக் கட்டடம்’.

> அடுக்குமாடிக் குடியிருப்பு என்பதோடு குழம்பாதா?

சோதித்துப் பார்க்கலாம். 1900ல் வீட்டுவசதிச் சீர்திருத்தக்காரர் லாரன்ஸ் வெய்லர் நியூயார்க்கில் நடத்திய டெனமென்ட் கண்காட்சியில் கீழ்க்கிழக்குப் பகுதியின் (Lower East Side) ஒரு தெருச்சதுக்கத்தை அட்டை மாதிரியாகச் செய்து வைத்தார்கள். 39 கட்டடங்கள், 605 குடித்தனங்கள், 2,781 பேர், 264 கழிப்பறைகள். வெந்நீர் வந்தது 40 குடித்தனங்களுக்கு மட்டும். இந்த இடத்தில் ‘605 அடுக்குமாடிக் குடியிருப்புகள்’ என்று மாற்றிப் படியுங்கள், மனை விற்பனை விளம்பரம் ஆகிவிடும்.

இலங்கை மலையகத்து அன்பர் ஒருவர் டெனமென்டுக்குச் சொன்ன ‘லயம்’ அழகான சொல்தான். ஆனால் அது தேயிலைத் தோட்ட நிர்வாகம் தொழிலாளருக்குக் கொடுத்த வரிசை வீடு. வீட்டுக்காரனும் வேலை கொடுப்பவனும் வேறு வேறாக இருந்த நியூயார்க்குக்குப் பொருந்தாது.

> டம்பெல் டெனமென்ட் – ‘எடைக்குண்டு வடிவ வீடு’?

வேண்டாம், உடுக்கை இருக்கிறது. இருபுறமும் அகன்று இடை சிறுத்த வடிவம். தரைப்படத்தைப் பார்த்தால் அப்படியே உடுக்கைதான். படுக்கையறை ஒவ்வொன்றுக்கும் வெளிக்காற்று வரும் சன்னல் வேண்டும் என்று 1879ஆம் ஆண்டுச் சட்டம் கேட்டது. மனையோ 25 அடி அகலம், 100 அடி நீளம். ஜேம்ஸ் வேர் என்ற கட்டடக் கலைஞர் போட்டியில் பரிசு பெற்ற வரைபடம் கட்டடத்தின் இடுப்பை இருபுறமும் உள்ளே தள்ளியது. பக்கத்துக் கட்டடமும் அப்படியே தள்ள, இடையில் ஒரு பொந்து கிடைத்தது. அதன் அகலத்தில் ஒரு கட்டடத்தின் பங்கு 28 அங்குலம். சட்டத்தின் எழுத்துப்படி அதில் திறப்பது சன்னல். நடைமுறையில் அதன்வழி குப்பை கீழே போனது, நாற்றம் மேலே வந்தது. தீப்பிடித்தால் புகைபோக்கிபோல் நெருப்பை மாடிக்கு மாடி இழுத்துக் கொடுத்தது. 1901ஆம் ஆண்டுச் சட்டம்தான் புதுக் கட்டடங்களில் இதற்கு முடிவு கட்டியது.

ஆங்கிலத்தில் air shaft எனப்படும் இந்தப் பொந்துக்கு ‘காற்றுத் தண்டு’ என்று அகராதி பார்த்து எழுதியிருக்கிறார்கள். தண்டு எந்திரத்தில் சுழல்வது. ‘காற்றுக்கிணறு’ என்போம், ஆழமும் இருட்டும் சொல்லிலேயே வந்துவிடும்.

ஓர் எச்சரிக்கை. சிகாகோவின் மக்கள்தொகை 1870ல் சுமார் 3 லட்சம், 1890ல் 11 லட்சம். குடியேறிகள் அங்கும் குவிந்தார்கள், ஆனால் பெரும்பாலும் தாழ்வான மர வீடுகளில். மொழிபெயர்ப்பவர்கள் அங்கேயும் அடுக்குக் குடித்தனத்தைப் பரப்பிவிட வேண்டாம்.

இன்னும் ஒரு சொல் பாக்கி. வாடகையைச் சமாளிக்க இத்தாலிய, யூதக் குடும்பங்கள் காசு வாங்கிக்கொண்டு அந்நியர்களைச் சமையலறையில் படுக்க வைத்துக்கொண்டன. இவர்களுக்குத் தனி அடுப்பு இல்லை, எனவே குடித்தனக்காரர் ஆகமாட்டார்கள். ‘ஒட்டுக்குடி’ என்று எழுதிப் பார்த்திருக்கிறேன். நெல்லை, குமரிப் பக்கத்தில் இதற்கு வழக்குச் சொல் உண்டா? தெரிந்தவர்கள் இங்கேயே எழுதுங்கள்.