வெப்பப்படம் இடத்தைக் காட்டுகிறது. காரணத்தை எப்படிக் கேட்பது?

கேள்வி:
பறவைகளை இனவாரியாகப் பிரித்தறிய ரெஸ்நெட்-50 என்னும், படங்களை வகைப்படுத்தும் நரம்பியல் வலையமைப்பு மாதிரி ஒன்றைப் பயிற்றுவித்துள்ளேன். மரங்கொத்தியைச் சரியாகச் சொன்ன படத்திலும், வேறொரு மரங்கொத்தியை மீன்கொத்தி என்று தவறாகச் சொன்ன படத்திலும், கிராட்-கேம் (முடிவுக்கு உதவிய பகுதிகளை நிறத்தால் காட்டும் முறை) தரும் வெப்பப்படத்தில் பறவையின் உடல் முழுவதும் ஒரேபோலச் சிவந்திருக்கிறது. ஏன் அப்படி முடிவெடுத்தது என்பதை மாதிரியே சொல்லும்படி செய்ய வழி உண்டா?

மறுமொழி 1:
கிராட்-கேமிடம் அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது. 224×224 அளவுள்ள படம் வலையமைப்பின் கடைசி கன்வல்யூஷன் அடுக்கை (படக்கூறுகளைப் பிரித்தெடுக்கும் அடுக்கு) அடையும்போது 7×7 கட்டங்களாகச் சுருங்கிவிடுகிறது. அந்த 49 மதிப்புகளைத்தான் பெரிதாக்கி, படத்தின்மேல் படரவிட்டுக் காட்டுகிறோம். அலகின் நுனியும் கழுத்துப் பட்டையும் ஒரே கட்டத்தில் அடங்கிவிடும்போது, எதைக் கண்டு முடிவெடுத்தது என்று அது எப்படிச் சொல்லும்? தவறிய படத்துக்கு இரண்டு இனங்களின் பெயரிலும் தனித்தனியே வெப்பப்படம் எடுத்து ஒப்பிடுங்கள். பிறகு சிவந்த பகுதியை மறைத்து, அந்த இனத்துக்கு மாதிரி தரும் மதிப்பெண் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். இறங்கவில்லையென்றால் அந்தச் சிவப்பைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

மறுமொழி 2:
விளக்கும் முறையையே முதலில் சோதிக்க வேண்டும் என்பது என் கருத்து. 2018-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், பயிற்சியில் கிடைத்த எடைகளை (வலையமைப்பு கற்றதைத் தாங்கும் எண்களை) அழித்துவிட்டுத் தாறுமாறான எண்களை இட்ட பிறகும், கைடட் பேக்ப்ராப் என்னும் இன்னொரு விளக்க முறை தந்த படம் பெரிதாக மாறவில்லை; அதாவது, எதையுமே கற்காத வலையமைப்புக்கும் நம்பத்தகுந்த விளக்கம் கிடைத்துவிட்டது. கிராட்-கேம் அச்சோதனையில் தேறியது. (பனியைப் பார்த்து ஹஸ்கி நாயை ஓநாய் என்று சொன்ன மாதிரியை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள், 2016-இல் லைம் என்னும் விளக்க முறையை உருவாக்கியவர்கள் அதை வேண்டுமென்றே அப்படிப் பழக்கினார்கள் என்பதை யாரும் சொல்வதில்லை.)

மறுமொழி 3:
வாக்கியமாகவே காரணம் எழுதும் வலையமைப்புகளும் 2016 முதல் உள்ளன. அவற்றில் எனக்கு நம்பிக்கை குறைவு: முடிவு எப்படி எடுக்கப்பட்டிருந்தாலும், அந்த இனத்தைப் பற்றி வழக்கமாக எழுதப்படும் வர்ணனையை அவை ஒப்பித்துவிடக்கூடும்.

உங்கள் தேவைக்கு, 2020-இல் முன்வைக்கப்பட்ட 'கான்செப்ட் பாட்டில்நெக்' அமைப்பு பொருந்தும். வலையமைப்பு முதலில் அலகின் வடிவம், இறகின் நிறம் போன்ற கூறுகளைக் கணிக்கும். இனத்தை அக்கூறுகளிலிருந்து மட்டுமே முடிவு செய்யும். அலகைத் தவறாகக் கணித்திருந்தால் அந்த ஒரு மதிப்பை நீங்களே திருத்தி, மீன்கொத்தி மரங்கொத்தியாக மாறுகிறதா என்று உடனே பார்த்துவிடலாம். கூறுகள் குறிக்கப்பட்ட படங்கள் தேவைப்படுவதுதான் சிக்கல். 200 இனங்களுக்கு 312 கூறுகள் குறித்த கப்-200-2011 என்னும் பறவைப் படத் தொகுப்பு இருக்கிறது. உங்கள் இனங்கள் அதில் இல்லையென்றால் குறிக்கும் வேலை உங்கள் தலையில்தான் விழும்.