பழவேற்காடு ஏரியில் கோடை உப்பளவு: எந்த அளவீட்டை எடுப்பது?

வணக்கம். பழவேற்காடு ஏரியில், முகத்துவாரத்திலிருந்து உள்ளே தள்ளி, இடுப்பளவு ஆழம்கூட இல்லாத ஓர் இடத்தில் உப்பளவும் வெப்பமும் அளந்து வருகிறேன். உப்பளவுக்கு இரண்டு கருவிகள்: நீரில் ஒளி வளைவதைக் கொண்டு அளக்கும் கை ரிஃப்ராக்டோமீட்டர், நீர் மின்சாரத்தைக் கடத்துவதைக் கொண்டு அளக்கும் கண்டக்டிவிட்டி மீட்டர்.

வடகிழக்குப் பருவமழையில் சிக்கல் இல்லை. ஆரணி ஆற்று வெள்ளம் இறங்கியதும் உப்பு சரசரவென்று குறையும். இரண்டு கருவிகளும் ஒத்துப்போகும். ஏப்ரல் பாதிக்கு மேல்தான் தகராறு. முகத்துவாரத்தில் மணல் மேடிட்டுக் கடல்நீர் வரத்து சுருங்க, வெயிலில் நீர் ஆவியாகி, உப்பு கடலின் 35 பிபிடியை (ஆயிரத்தில் 35 பங்கு) தாண்டிவிடுகிறது. மதியம் தண்ணீரே 34 டிகிரி. அப்போது கை ரிஃப்ராக்டோமீட்டர் 46 காட்டுகிறது. கண்டக்டிவிட்டி மீட்டரோ 42க்கு மேல் ஏறுவதே இல்லை, அதன் வரம்பே அவ்வளவுதான்.

35 பிபிடி திரவத்தில் சரிபார்த்தேன், இரண்டும் சரியாகவே காட்டின. மின்முனையில் படிந்த பாசியைச் சுத்தம் செய்தேன். மேல்நீர், அடிநீர் இரண்டிலும் எடுத்தேன். காற்று கலக்கிவிடுவதால் வித்தியாசம் இல்லை. ரிஃப்ராக்டோமீட்டரின் வெப்பத் திருத்தம் 30 டிகிரி வரைதான் என்பதால், மாதிரியை நிழலில் 25க்கு ஆறவைத்தும் பார்த்தேன். அப்புறமும் 46தான். கடைசியாக, எடைக்கு எடை வாலைவடிநீர் கலந்து மீட்டரில் அளந்து இரட்டிப்பாக்கினால் 44 வருகிறது.

இறால் வரத்து குறைவதற்கு உப்புதான் காரணமா என்று அங்குள்ள மீனவர்கள் கேட்கிறார்கள். தவறான எண்ணை அவர்களிடம் சொல்ல எனக்கு மனமில்லை.

42 பிபிடிக்கு மேல் போகும் காயல் நீருக்கு, வாலைவடிநீர் கலந்து அளந்த 44ஐப் பதிவு செய்வதா, ரிஃப்ராக்டோமீட்டரின் 46ஐயா?