கல்லறைத் திருநாளில் வந்த சந்தேகம்: கபரில் (முஸ்லிம்களின் அடக்கக்குழியில்) என்ன நடக்கும்?

குளச்சல்காரன்:
நவம்பர் 2 அன்று அப்பா கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றும்போது கூட வந்த தக்கலை முஸ்லிம் நண்பன், "இறந்தவங்களுக்கு நாங்களும் துஆ (பிரார்த்தனை) செய்வோம் மக்கா, ஆனா உங்க உத்தரிக்கிற ஸ்தலம் (இறந்தபின் ஆன்மா தூய்மையாகும் நிலை) எங்களுக்குக் கிடையாது" என்றான். அப்படியானால் இஸ்லாத்தின்படி இறந்தவர்கள் தீர்ப்பு நாள் வரை எங்கே இருப்பார்கள்?

தக்கலை வாசி:
பர்ஸக் என்கிற இடைநிலையில், அண்ணே. அடக்கியபின் முன்கர், நகீர் என்ற இரண்டு மலக்குகள் (வானவர்கள்) வந்து உன் இறைவன் யார், மார்க்கம் எது, நபி யார் என்று கேட்பார்கள், பதிலைப் பொறுத்து கபரே இதமாகவோ வேதனையாகவோ ஆகும். கியாமத் (தீர்ப்பு) நாளில்தான் எல்லோரையும் எழுப்பி, அமல்களை (செயல்களை) தராசில் நிறுப்பது.

நாகர்கோவில் டீச்சர்:
நாங்கள் சிஎஸ்ஐ (புராட்டஸ்டன்ட் சபை), உத்தரிக்கிற ஸ்தலத்தை நாங்களும் ஏற்பதில்லை (இதற்காகவே என் கத்தோலிக்க மாமியாரோடு வருஷாவருஷம் வாக்குவாதம்). கத்தோலிக்கர் கணக்கிலும் அது நிரந்தரமில்லை, மோட்சம் போகிறவர்கள் தூய்மையாகும் நிலை. பெரிய வித்தியாசம் மீட்பில்தான்: கிறிஸ்துவின் சிலுவைப் பலியால் என்கிறோம் நாங்கள், இஸ்லாத்தில் ஒருவர் பாவத்தை இன்னொருவர் சுமக்க முடியாது.

தக்கலை வாசி:
சரிதான் டீச்சர், ஆனால் அமல் மட்டும் போதாது, அல்லாஹ்வின் ரஹ்மத்தும் (கருணையும்) வேண்டும். அப்புறம், கடைசிக் காலத்தில் ஈசா நபி (இயேசு) திரும்பி வருவார் என்று நாங்களும் நம்புகிறோம்.

குளச்சல்காரன்:
அதை என் நண்பன் சொல்லவே இல்லையே!